அத்தானின் நான்காவது விரல்

என் அத்தானின் இடது காலில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. நியாயப்படி நான்கு இருந்திருக்க வேண்டும். ஐந்தாவதான சின்ன விரலை நீரிழிவு கொண்டுபோனது. அதில் எனக்குப் பங்கில்லை. அதற்குப் பக்கத்து விரல் போனதற்கு நான்தான் காரணம். கத்தியை நான் தொடவில்லை. கணினியில் ஓர் அட்டவணையை நிரப்பினேன், பிறகு வாயை மூட வேண்டிய இடத்தில் திறந்து, திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன்.

(இதைப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியாயிற்று. எங்கள் பங்குச் சுவாமி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டவணை நிரப்பிறது எப்ப இருந்து பிள்ளை பாவம்?" என்றார். அவருக்கு விளங்கப்படுத்த இன்னுமொரு கால் மணித்தியாலம் எடுத்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் நான் யாரையோ கொன்றுவிட்டேன் என்றே நினைத்திருப்பார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் மேற்படிப்புக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவருவது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கிருமியையும் சுற்றி மெல்லிய கொழுப்பு மென்சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் போய் ஒட்டித் துளை போடக்கூடிய சின்னஞ்சிறு புரதத் துண்டுகள் உண்டு. பெப்ரைட்டு என்போம். தவளையின் தோலில் இருக்கின்றன, நம் உடம்பிலும் இருக்கின்றன. துளை விழுந்தால் கிருமி உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து செத்துப்போகும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? சிக்கல் என்னவென்றால், நம் இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் செங்குழியங்களைச் சுற்றியும் ஒரு மென்சவ்வுதான் இருக்கிறது. கிருமியுடையதைக் கிழித்து நம்முடையதைத் தொடாமல் விடுகிற துண்டு எது என்பதே எங்கள் தொழிலின் முழுத் தலைவலி.

ஒரு பெப்ரைட்டு என்பது இருபது வகை மணிகளில் இருந்து எடுத்துக் கோர்க்கும் ஒரு சின்ன மாலை. கோர்க்கக்கூடிய விதங்களுக்கு முடிவே இல்லை. எல்லாவற்றையும் செய்து பார்க்க ஒருவராலும் ஏலாது. ஆகவே கணினியிடம் போகிறோம். பிறர் செய்த சோதனைகளின் முடிவுகளை எல்லாம் பொறுக்கி ஓர் அட்டவணையில் போட்டு ஊட்டினால், அது கற்றுக்கொண்டு புது மாலை ஒன்றைத் தானே கோர்த்துத் தரும். அந்த அட்டவணையை நான் ஒருத்தியே எட்டு மாதமாக, நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வாசித்துக் கையால் நிரப்பினேன். எனக்கு அதில் இருந்த பெருமைக்கு அளவே இல்லை. கலியாண வீடுகளில்கூட அதைப்பற்றியே கதைத்தேன். என்னைக் கண்டால் சனம் சாப்பாட்டு வரிசையை மாற்றிக்கொண்டது.

அல்போன்ஸ் அத்தான் என் மெற்றில்டா அக்காவின் கணவர். மூதூருக்குப் போய்வரும் லோஞ்சுப் படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர். உப்புவெளியில் வீடு. அந்த வருடம் அவருடைய சின்ன விரலில் ஒரு புண் வந்தது. எஞ்சின் குழிக்குள் இறங்கும்போது ஏதோ இரும்பு கீறியிருக்கிறது. சீனி வருத்தம் உள்ள கால், ஆறவில்லை. மாதக்கணக்காக மருந்து கட்டினார். கிருமி ஒரு மருந்துக்கும் அசையவில்லை. விரலை எடுத்துவிட்டால் கால் தப்பும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அத்தானின் தகப்பனுக்கு இதே வருத்தத்தில் முழங்காலுக்குக் கீழே முழுதாகப் போனது. அந்தப் பயம் அத்தானுக்குள் இருந்தது, ஆனால் அவர் அதைச் சொல்வதில்லை. "சின்ன விரல்தான் மச்சாள் எஞ்சின் குழிக்குள்ள பிடிமானம்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அன்று காலையில்தான் என் கணினி தன் முதலாவது பெப்ரைட்டைக் கோர்த்து முடித்திருந்தது. மீன் குழம்புச் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு மடிக்கணினியை மேசையில் விரித்தேன். திரையில் பெரிய எழுத்தில் மதிப்பெண்: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அத்தான் கட்டுப் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டியபடி எட்டிப் பார்த்தார்.

"மச்சாள், இந்த நம்பர் கூடினா நல்லதோ, குறைஞ்சா நல்லதோ?"

"கூடினா நல்லது அத்தான்."

"உள்ளுக்கு இருக்கிற எல்லா நம்பரும் அப்பிடியோ?"

"எல்லாம் அப்பிடித்தான்."

"இல்லை, சும்மா கேட்டனான். லோஞ்சில ரெண்டு முள்ளு இருக்குது. ஒயில் பிரஷர் முள்ளு கீழ விழுந்தா எஞ்சின் போச்சு. சூட்டு முள்ளு மேல ஏறினா எஞ்சின் போச்சு. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில, பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். எது எதெண்டு தெரியாமல் பாத்தா ஆபத்து."

நான் சிரித்தேன். படித்தவள் படியாதவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நானே இரண்டு போடலாம் போல் இருக்கிறது.

"அத்தான், இது எஞ்சின் இல்லை. செயற்கை நுண்ணறிவு" என்றேன்.

(இந்த வசனத்தை என் அக்கா இன்றைக்கும் என் குரலிலேயே, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துச் சொல்லிக் காட்டுவாள். கழுத்தை நான் அப்படிச் சாய்க்கவில்லை என்று நான் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை.)

அத்தான் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது வந்தா என்ர காலுக்கும் சரிவருமோ?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எனக்கு நன்றாகத் தெரியும். இது இன்னும் மருந்தில்லை. திரையில் இருக்கும் ஓர் எழுத்து வரிசை. இதைச் செய்வித்து, கண்ணாடிக் குழாயில் சோதித்து, எலியில் சோதித்து, மனிதரில் சோதித்து, எல்லாம் சரிவந்தாலும் வருடக்கணக்கு ஆகும். பெரும்பாலானவை பாதி வழியிலேயே நின்றுவிடும். இவ்வளவும் என் ஆய்வேட்டின் முதலாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அக்கா குசினி வாசலில் அகப்பையோடு நின்றுவிட்டாள். எனக்கு அந்த நேரம் தேவையாக இருந்தது உண்மை இல்லை, அவர்கள் என்னைப் பார்த்த பார்வைதான்.

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான். ரெஸ்ற் முடியட்டும்" என்றேன்.

அது பொய்யும் இல்லை. சோதனை முடியத்தான் வேண்டும். எதற்குப் பொறுப்பது, எவ்வளவு காலம் பொறுப்பது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிநாட்டில் செய்வித்த பெப்ரைட்டு சின்னப் போத்தல் ஒன்றில் வந்து சேர்ந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு கொஞ்சம். சோதனையைச் செய்யவேண்டியவர் எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப அலுவலர் றிஸ்வானா. கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கணினிக்காரியான நான் ஒரு துளியை ஒழுங்காக அளந்து விடத் தெரியாதவள் என்பதால் என்னைக் குழாய்களுக்குக் கிட்ட விடமாட்டார். மணிகளின் வரிசை எழுதியிருந்த தாளை வாசித்ததும் றிஸ்வானாவின் முகம் சுருங்கியது.

"ஜெனி, இதுல கொழுப்போட ஒட்டுற மணி நிறைய இரிக்கே. தேனீ விஷத்தப் போல கிடக்கு. எந்த நம்பரப் பார்த்து எடுத்தீங்க?"

"கணினி மொடல் தொண்ணூற்றேழு தந்திருக்கு" என்றேன். அத்தோடு கதை முடிந்தது என்று எனக்கு நினைப்பு.

செங்குழியச் சோதனை அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதற்கு நான் அக்காவையும் அத்தானையும் வரச் சொன்னேன். ஏன் சொன்னேன்? பரிசளிப்பு விழாவுக்குப் பெற்றோரைக் கூப்பிடும் பிள்ளையின் குணம்தான். அனுமதி கேட்டபோது றிஸ்வானா, "முடிவு தெரிஞ்ச பொறகு கூப்பிட்டா என்ன?" என்றார். முடிவு எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றேன்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அத்தான் கலியாணங்களுக்குப் போடும் காற்சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டிருந்தார். கட்டுப் போட்ட காலுக்காக ஒரு செருப்பின் பக்கத்தை வெட்டியிருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அக்கா பட்டர் கேக் செய்து பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். கேக்கை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று றிஸ்வானா அதை வாசலுக்கு வெளியே கிடந்த வாங்குப் பலகையில் வைப்பித்தார். இருவரையும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருத்தினார்.

சோதனை எளிமையானது. இரத்தம் கொடுக்கச் சம்மதித்த ஒருவரின் செங்குழியங்களைக் கழுவிக் குழாய்களில் விடுவோம். ஒரு குழாயில் வெறும் உப்புநீர். அதில் ஒன்றும் உடையாது. கடைசியில் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். இன்னொரு குழாயில் சவர்க்காரம் போன்ற ஒரு திரவம். அதில் எல்லாம் உடைந்து, முழுக் குழாயும் சர்பத் மாதிரிச் சிவப்பாகிவிடும். மற்றக் குழாய்களில் என் பெப்ரைட்டு, கொஞ்ச அளவில் இருந்து கூடிய அளவு வரை. அவை உப்புநீர்க் குழாயைப் போலத் தெளிந்து நிற்க வேண்டும்.

பொறி சுழன்று நின்றது. றிஸ்வானா குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் நிறுத்தினார். உப்புநீர்க் குழாய் தெளிவு. சவர்க்காரக் குழாய் சிவப்பு. என்னுடைய முதலாவது குழாய் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. ஆகக் குறைந்த அளவு பெப்ரைட்டு விட்ட கடைசிக் குழாயும், சவர்க்காரக் குழாயின் கூடப் பிறந்தது போலச் சிவப்பாக நின்றது.

றிஸ்வானா கடைசிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் என் அக்கா எழும்பிக் கை தட்டினாள்.

"என்ன வடிவான நிறம்! பாருங்கோப்பா, எல்லாக் குழாயும் சரிவந்திட்டுது. அந்த ஒண்டு மட்டும்தான் பிழைச்சுப்போச்சு." தெளிந்து நின்ற உப்புநீர்க் குழாயைத்தான் பிழைத்தது என்று காட்டினாள். கேக்கை வெட்டக் கத்தி இருக்கிறதா என்றும் கேட்டாள்.

அத்தான் கை தட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மச்சாள், சிவப்புக் கூடினா நல்லதோ, குறைஞ்சா நல்லதோ?" என்று கேட்டார்.

"குறைஞ்சா நல்லது அத்தான்."

அக்கா தட்டிய கை அந்தரத்திலேயே நின்றுபோனது.

றிஸ்வானா என் மடிக்கணினியை இழுத்து அட்டவணையைத் திறந்தார். செங்குழியம் என்ற நிரலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பத்தாவது வரி தாண்டுவதற்குள் பிடித்துவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த முடிவை இரண்டு விதமாக எழுதுவார்கள். சிலர், பாதிச் செங்குழியங்களை உடைக்க எவ்வளவு பெப்ரைட்டு வேண்டும் என்று எழுதுவார்கள். அந்த எண் கூடினால் நல்லது. சிலர், குறித்த ஓர் அளவில் நூற்றுக்கு எத்தனை செங்குழியங்கள் உடைந்தன என்று எழுதுவார்கள். அந்த எண் கூடினால் ஆபத்து. நான் இரண்டையும் ஒரே நிரலில், ஒன்றன் கீழ் ஒன்றாக, எட்டு மாதமாகப் போட்டிருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறை உடைத்த நஞ்சையெல்லாம் கணினி உத்தமமான மருந்து என்று படித்திருக்கிறது. படித்ததை வைத்து, குறை சொல்ல முடியாத விசுவாசத்தோடு, ஒரு முதல்தர நஞ்சைக் கோர்த்துத் தந்திருக்கிறது.

ஒயில் முள்ளும் சூட்டு முள்ளும். அக்காவின் மேசையில், மீன் குழம்புக்குப் பக்கத்தில், அத்தான் இதைத்தான் கேட்டார்.

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். "பரவாயில்லை, ஆராய்ச்சி எண்டா இப்பிடித்தான். திருத்திப்போட்டு அடுத்ததைச் செய்வம்" என்று சிரிக்க முயன்றேன். அப்போது அத்தான் பொலித்தீன் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தார். அவருடைய கிளினிக் கொப்பி. அதற்குள் மடித்துவைத்த எக்ஸ்ரேத் துண்டும், ஒரு பேனையும்.

"அப்ப இண்டைக்கு மருந்து தரமாட்டீரோ?" என்றார். "எவ்வளவு போடவேணுமெண்டு நீர் எழுதித் தருவீரெண்டு கொண்டுவந்தனான்."

அக்கா, "அப்ப ஒப்பரேசன்?" என்றாள்.

"என்ன ஒப்பரேசன்?"

"விரல் எடுக்கிறதுக்கு. திகதி குடுத்தவை. அது போய் ரெண்டு கிழமையாச்சு. நீ பொறுக்கச் சொன்னனியாம், மச்சாளின்ர ரெஸ்ற் முடியட்டுமெண்டு இவர் போகேல்லை. உனக்குத் தெரியாதே?"

தெரியாது. நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக அவருடைய காலைப்பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெப்ரைட்டு வந்துவிட்டதா என்று அவர்தான் மூன்று தடவை தொலைபேசியில் கேட்டார். என் ஆராய்ச்சியில் அவருக்கு எவ்வளவு ஆர்வம் என்று நான் நண்பிகளிடம் பெருமைப்பட்டேன்.

றிஸ்வானா கையுறையைக் கழற்றி எறிந்தார். "அட்டவணைய நாளைக்குப் பார்ப்பம். முதல்ல காலப் பார்க்கணும். எழும்புங்க அண்ணன்." அடுத்த நிமிடம் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். அத்தானை நடுவில் இருத்தி நானும் அக்காவும் இரு பக்கமும் ஏறினோம். வழி முழுக்க அக்கா கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். சின்ன விரலைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பக்கத்து விரலும் அடியில் கறுத்திருந்தது. டொக்டர் ஓர் இளம் பெண், என் வயதுதான் இருக்கும். "இவ்வளவு நாள் ஏன் வரேல்லை ஐயா?" என்று கேட்டார்.

"லோஞ்சில வேலை கூடிப்போச்சு டொக்டர்" என்றார் அத்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டொக்டர் என்னைப் பார்த்தார். அவசரத்தில் நான் ஆய்வுகூடத்து வெள்ளை அங்கியோடேயே வந்திருந்தேன். என்னையும் வைத்தியத்துறை என்று நினைத்துவிட்டார். "நீங்கள் விஷயம் தெரிஞ்ச ஆள். வீட்டில இருந்துகொண்டு நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அந்த அங்கிக்காக ஏச்சு வாங்கியதுபோல் ஒன்றும் உறைத்ததில்லை. அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"பொறுக்கச் சொன்னது நான்தான் டொக்டர்."

"எதுக்கு?"

"ஒரு மருந்துக்கு."

"என்ன மருந்து?"

"இன்னும் இல்லாத மருந்து" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு, இரண்டு விரலும் எடுக்க வேண்டிவரும், ஒன்றோடு முடிந்திருக்க வேண்டியது என்று அக்காவிடம் சொன்னார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கால் தப்பியது. அதற்குப் பிறகு அத்தான் என்னோடு கதைக்கவில்லை. அது தவக்காலம் தொடங்கிய நேரம். நான் வீட்டுக்குப் போனால், "வாரும், இரும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார். எனக்கு வேண்டியதுதான் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அழுதுகொண்டுதான் திரும்பினேன். அந்த நாட்களில் அட்டவணையை முதல் வரியில் இருந்து திரும்ப நிரப்பினேன். நூற்றுக்கணக்கான கட்டுரைகளையும் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு எண்ணையும் றிஸ்வானா சரிபார்த்தார்.

உயிர்த்த ஞாயிறன்று அக்கா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். கிளிவெட்டியில் இருந்து வந்த தூரத்து உறவினர் ஒருவர், அத்தானின் காலைப் பார்த்து, "என்ன அல்போன்ஸ், ஒரு விரல் எண்டுதானே கேள்விப்பட்டனாங்கள்?" என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டு சீனிக்கு" என்றார் அத்தான், சோற்றைப் பிசைந்தபடி. "மற்றது மச்சாளுக்கு."

முதலில் சிரித்தது அக்காதான். சிரிக்கத் தொடங்கியவள் அழுதாள், பிறகு திரும்பவும் சிரித்தாள். அத்தான் மீன் துண்டொன்றை எடுத்து என் தட்டில் வைத்தார். அன்றுதான் அவர் என்னை மன்னித்தார் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அத்தான் திரும்பவும் லோஞ்சுக்குப் போகிறார். எஞ்சின் குழிக்குள் இறங்கும்போது கையால் பிடித்து இறங்கப் பழகிவிட்டார். "கூடினா நல்லதோ, குறைஞ்சா நல்லதோ" எங்கள் குடும்பத்தின் வேதவாக்காகிவிட்டது. பரீட்சை முடிவு வந்தாலும் கேட்பார்கள், மாப்பிள்ளையின் வயதைச் சொன்னாலும் கேட்பார்கள். பெறாமகள் ஒருத்தி என்னிடம் தன் காய்ச்சல் அளவைச் சொல்லிவிட்டு, நான் வாய் திறக்க முன்பே, "குறைஞ்சாத்தான் நல்லது சித்தி, விளங்குதோ?" என்றாள். இப்போது என்னிடம் மாணவர்கள் வேலை செய்கிறார்கள். எந்த அட்டவணையின் எந்த நிரலுக்கும் மேலே அந்தக் கேள்வியையும் பதிலையும் எழுதாமல் ஓர் எண்ணைக்கூடப் போட நான் விடுவதில்லை. காரணம் கேட்பவர்களுக்கு, அது ஒரு மெக்கானிக் சொல்லித்தந்தது என்பேன்.

போன வருடம் எங்கள் பெப்ரைட்டு ஒன்று முதன்முறையாக அந்தச் சோதனையில் தேறியது. றிஸ்வானா குழாய்களை எடுத்து வரிசையாக நிறுத்தினார். எல்லாம் தெளிந்த நீர், அடியில் மட்டும் சிவப்பு. ஒருவரையும் முன்கூட்டிக் கூப்பிட்டிருக்கவில்லை. அன்று பின்னேரமே பஸ் எடுத்து உப்புவெளிக்குப் போனேன்.

அத்தான் முற்றத்தில் கதிரையில் இருந்து ஏதோ பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். செங்குழியம் ஒன்றும் உடையவில்லை என்று சொன்னேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். குறைந்தால் நல்லது, குறைந்திருக்கிறது என்றேன். பிறகு, அன்று மீன் குழம்புக்குப் பக்கத்தில் நான் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இது இன்னும் மருந்தில்லை, குழாயில் மட்டும்தான், இனி எலி, பிறகு மனிதர், வருடக்கணக்கு எடுக்கும், வராமலும் போகலாம்.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். செருப்பைக் கழற்றி இடது காலைத் தூக்கி எனக்கு நேரே நீட்டினார்.

"அவசரமில்லை மச்சாள்" என்றார். "இன்னும் மூண்டு கிடக்கு. ஆறுதலாச் செய்யும்."